வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கை உண்மையா? சேலத்தில் கொடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்பக் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என்று எதைத் திறந்தாலும் ஒரு குழந்தையின் படமும் க்யூ.ஆர். குறியும் வந்து நிற்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் பயமாக இருக்கிறது. சேலம், ஏற்காடு பகுதியில் இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

கோரிக்கை வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அவசரம்! சேலம் ஜி.எச்.ல் 4 வயதுக் குழந்தை. இதயத்தில் ஓட்டை. நாளை ஆபரேஷன். 8 லட்சம் தேவை. அப்பா கூலி வேலை. முடிந்ததை இந்த நம்பருக்கு ஜிபே செய்யவும். பணம் இல்லாதவர்கள் ஷேராவது செய்யவும், ஒரு ஷேருக்கு 10 பைசா குழந்தைக்குப் போகும்."

"நாளை" என்றால் எந்த நாளை? தேதி இல்லை. தேதி இல்லாத கோரிக்கை மூன்று வருடம் ஆனாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து, ஜி.எச். எனப்படும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு 8 லட்சம் கட்டச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசம். வார்டு எண், உள்நோயாளி எண், பெற்றோர் பெயர் எதுவும் இல்லை. கடைசி வரி ஒன்றே போதும், முழுக் கோரிக்கையும் விழுந்துவிடும்: ஷேர் செய்தால் வாட்ஸ்அப்போ ஃபேஸ்புக்கோ யாருக்கும் காசு கொடுப்பதில்லை, கொடுத்ததும் இல்லை.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அனுப்பியவருக்கே அந்தக் குடும்பத்தைத் தெரியாது. "உங்களுக்கு நேரில் தெரிந்தவர்களா?" என்று அவரிடம் கேளுங்கள். "எனக்கும் ஃபார்வேர்டுதான்" என்று பதில் வந்தால் விசாரிப்பது உங்கள் பொறுப்பு. படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே குழந்தை வேறு ஊர், வேறு பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒன்றும் வரவில்லை என்பதால் உண்மை என்று ஆகிவிடாது.

தனியார் மருத்துவமனை, லெட்டர்பேடில் எஸ்டிமேட்டும் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

எஸ்டிமேட் கடிதத்தில் தேதி, நோயாளி பெயர், உள்நோயாளி எண், நோயின் பெயர், செலவின் பிரிவுகள், மருத்துவர் கையெழுத்தோடு அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஐ.சி.யூ., மருந்து, அறை என்று எதையும் பிரிக்காமல் "மொத்தம் 10,00,000" என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு மருத்துவமனைக்குப் பேசுங்கள். கோரிக்கையில் உள்ள எண் வேண்டாம். மருத்துவமனையின் சொந்த இணையதளத்திலோ பெயர்ப்பலகையிலோ உள்ள எண்ணுக்குப் போடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "இந்தக் குழந்தைக்கு என்ன வியாதி?" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அது நோயாளியின் அந்தரங்கம். கேட்க வேண்டியது இது: "இந்த உள்நோயாளி எண்ணின் பில்லுக்கு வெளியாள் பணம் கட்டலாமா? மருத்துவமனைக் கணக்கு எண் தருவீர்களா?" இதற்கு பில்லிங் கவுண்டரில் பதில் சொல்ல முடியும். கணக்கு எண் கிடைத்தால் உள்நோயாளி எண்ணைக் குறிப்பில் எழுதி நேராகக் கட்டுங்கள், ரசீதைக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் உள்ள மருத்துவமனை என்றால் நேரில் போய்க் கட்டிவிட்டே வரலாம்.

குடும்பத்திடம் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும் திட்டம் இது. அட்டை இல்லாமலே அலைகிறவர்கள் நிறையப் பேர். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அவர்களைக் கூட்டிப் போவது, நீங்கள் அனுப்ப நினைத்த ஆயிரம் ரூபாயைவிடப் பல மடங்கு பெரிய உதவி.

குழந்தையும் உண்மை, நோயும் உண்மை. அப்படியும் ஏமாற முடியுமா?

முடியும். உண்மையான குடும்பத்தின் போஸ்டரை எடுத்து, க்யூ.ஆரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். படம், கடிதம், மருத்துவமனை எல்லாம் சரியாக இருக்கும், பணம் மட்டும் வேறு ஆளுக்குப் போகும். க்யூ.ஆரை ஸ்கேன் செய்து, தொகை போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். எஸ்டிமேட்டில் உள்ள அப்பா, அம்மா பெயரோடு ஒத்துப்போகிறதா? "சித்தப்பா கணக்கு" என்று சொன்னால் அந்தக் குடும்பத்தோடு வீடியோ காலில் பேசி உறுதி செய்யுங்கள். உண்மையான குடும்பம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. "நேரமில்லை, உடனே அனுப்புங்கள்" என்று விரட்டுகிறவர்கள்தான் கோபிப்பார்கள்.

நிதி திரட்டும் இணையதளங்கள் வழியாகக் கொடுப்பது பாதுகாப்பா?

தனிநபர் ஜிபே எண்ணைவிட மேல். ஆவணம் கேட்டு வாங்குகிறார்கள், சில தளங்கள் பணத்தை நேராக மருத்துவமனைக்கே அனுப்புகின்றன. பக்கத்தின் கீழே "பணம் யாருக்குப் போகிறது" என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பணம் கட்டும் திரையில் தளத்துக்கான "டிப்" ஒன்று ஏற்கெனவே சேர்ந்து நிற்கலாம். பலர் கவனிக்காமல் அதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். விருப்பம் இல்லையென்றால் பூஜ்ஜியம் ஆக்கலாம்.

16 கோடி ரூபாய் ஊசி என்று வருகிறதே?

முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான மரபணு மருந்து அது. அந்த விலையும் உண்மை. பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் 2021-ல் ஒரு குழந்தைக்காக அந்தத் தொகை பொதுமக்களிடமிருந்து திரண்டது, மத்திய அரசு இறக்குமதி வரியையும் தள்ளுபடி செய்தது. ஆகவே இப்படி வரும் எல்லாம் பொய் என்று ஒதுக்கக் கூடாது. ஆனால் தொகை திரண்ட பிறகும் பழைய போஸ்டர் சுற்றலாம். இப்போது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று திரட்டும் பக்கத்திலேயே பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ரத்தம் கேட்டு வருகிறது. இதிலுமா மோசடி?

இரண்டு பக்கமும் நடக்கிறது. தேவையே முடிந்துபோன பழைய செய்தி சுற்றுவது ஒன்று. கொடையாளர் போல நடித்து, "பெட்ரோலுக்கு 500 அனுப்புங்கள், கிளம்பி வருகிறேன்" என்று நோயாளியின் உறவினரிடம் பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவது இன்னொன்று. ரத்தத்தை விற்பது சட்டப்படி குற்றம். முன்பணம் கேட்கும் கொடையாளரை நம்ப வேண்டாம்.

செய்தி வந்தால் நோயாளியோடு இருக்கும் உதவியாளருக்கு ஒரு போன் போட்டு, "இன்னும் தேவையா, எந்த மருத்துவமனை, எந்த ரத்த வங்கி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இன்னும் நல்லது, கோரிக்கைக்குக் காத்திருக்காமல் கொடுப்பது. 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும். மழைக்காலத்து டெங்குவின்போது ரத்த வங்கிகள் திணறுவது இதனால்தான். பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் ஜி.எச். ரத்த வங்கிக்குப் போகலாம்.

"விபத்தில் பெற்றோர் இறந்த இரண்டு கைக்குழந்தைகள், தத்தெடுக்க விரும்புவோர் அழைக்கவும்"?

அழைக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுப்பது மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் பதிவு வழியாக மட்டுமே நடக்கும். போனில் குழந்தை கொடுப்பது குற்றம். 2019-ல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிஜமாகவே ஆதரவற்ற குழந்தை பற்றித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

கல்யாண வீட்டில் சாப்பாடு மீந்தால் 1098-க்குச் சொன்னால் வந்து எடுத்துப் போவார்களாமே?

மாட்டார்கள். பல வருடமாகச் சுற்றும் பொய் இது. 1098 ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான எண். முகூர்த்த நாளில் சாம்பார் மீந்ததைச் சொல்ல நீங்கள் அழைக்கும் நேரத்தில், அடி வாங்கும் ஒரு குழந்தைக்கு லைன் கிடைக்காமல் போகலாம்.

மீதியைக் கொடுக்க விரும்பினால் முந்தின நாளே ஒரு இல்லத்துக்குப் பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பரிமாறி முடித்த இலைப் பக்கத்துப் பாத்திரத்தில் இருந்து எடுக்காதீர்கள், அடுப்படியில் தொடாமல் இருக்கும் அண்டாவில் இருந்து எடுங்கள். சமைத்து நான்கு மணி நேரம் தாண்டியதை, அதிலும் தேங்காய் அரைத்து விட்டதை, கொடுக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அடுத்தடுத்துப் பலருக்கு வரும்.

ஒரு டிரஸ்ட் அல்லது இல்லம் நல்லதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பத்திர எண், சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு எண், டிரஸ்ட் பெயரிலேயே பான் கார்டும் வங்கிக் கணக்கும். நிறுவனரின் சொந்த ஜிபே எண்ணுக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும், காலாவதி தேதியைப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் பதிவு எண்ணை முத்திரை போலக் காட்டுவார்கள். அது அவர்கள் தாங்களே கொடுத்த விவரத்தின் பேரில் கிடைக்கும் எண், நற்சான்று அல்ல.

காகிதத்தைவிட நேரில் போவது முக்கியம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வேலைநாள் மதியம் போங்கள். சமையலறை, கழிப்பறை, படுக்கை விரிப்பு மூன்றையும் பாருங்கள். "போன வருடம் எவ்வளவு வந்தது, சம்பளத்துக்கு எவ்வளவு போனது?" என்று கேளுங்கள். சம்பளம் கொடுப்பது தவறல்ல. இரவு முழுக்க முதியவர்களுக்கு டயப்பர் மாற்றுகிறவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கணக்கைச் சொல்லத் தயங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

இல்லத்துக்கு என்ன கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டாம். அன்றைக்கு நான்கு பேர் கொண்டுவந்திருப்பார்கள், புதன்கிழமை ஒருவரும் வர மாட்டார்கள். மளிகையாகக் கொடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி என்றால் முப்பது பேருக்கு ஏழரைக் கிலோ. 25 கிலோ சிப்பம் மூன்று நாளைக்கு மேல் சற்றுத்தான் வரும். செவ்வாய்பேட்டையிலோ லீ பஜாரிலோ மொத்த விலையில் வாங்கினால் அதே பணத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அரிசி எல்லோரும் கொடுப்பார்கள். பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர், நாப்கின், முதியோர் டயப்பர், சிரங்கு மருந்து, மின்கட்டணம் இவற்றுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. வார்டனிடம் "இந்த மாதம் எது இல்லை?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துப் போடாதீர்கள். இல்லத்துக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக்காகக் கையேந்திய படம் அந்தக் குழந்தையோடு வாழ்நாள் முழுக்க வரும்.

ஜி.எச்.-இல் சிகிச்சை இலவசம் என்றால் அங்கே உதவி தேவையே இல்லையா?

நிறையத் தேவை, ஆனால் ஆபரேஷனுக்கு அல்ல. ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, கல்வராயன் மலை, தர்மபுரிப் பக்கம் என்று தூரத்தில் இருந்து வந்து, வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கும் உதவியாளரைப் பாருங்கள். தறி ஓட்டுகிறவரோ கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவரோ ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அவருக்குத் தேவை மூன்று வேளைச் சாப்பாடு, மாற்றுத் துணி, பிளாஸ்க், வாளி, ஊருக்குத் திரும்பப் பஸ் காசு. வார்டு செவிலியரிடம் கேட்டால் "அந்தக் கட்டில்காரருக்கு யாருமே வரவில்லை" என்று சொல்வார்கள். எந்தக் க்யூ.ஆர். குறியும் இவ்வளவு துல்லியமாக வழி காட்டாது. நோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பதற்கு முன் செவிலியரைக் கேட்க மறக்காதீர்கள். மறுநாள் ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவராக இருக்கலாம்.

அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு நோட்டு, காலை உணவு என்று நிதி கேட்கிறார்கள்.

பாடநூல், நோட்டு, பை, காலணி அரசே கொடுக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அதே பொருளுக்கு வெளியில் வசூல் நடந்தால் எந்தப் பள்ளி என்று கேட்டுத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை வீட்டில்தான் தைக்க வேண்டும். உண்மையான இடைவெளி இங்கேதான்.

"7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் கிடைத்தும் ஃபீஸ் கட்ட வழியில்லை" என்றும் வரும். அந்த ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. மற்றச் செலவுகள் இருக்கும். எதற்கு, எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

பள்ளிக்கே கொடுக்க நினைத்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் தளத்தில் சேலம் மாவட்டப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தீர்மானம் போட்டு ரசீது தரச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு ஸ்வெட்டர், போர்வை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முறையாகக் கொடுத்தால். காரின் டிக்கி நிறையப் பழைய துணியை ஏற்றிக்கொண்டு போய், ரோட்டோரம் முதலில் தென்படும் ஊரில் இறக்கிவிட்டு வருவதுதான் வழக்கமாக நடப்பது. மெயின் ரோட்டு ஊருக்கே திரும்பத் திரும்பப் போகிறது. மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை ஊராட்சிகளில் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு எதுவும் எட்டுவதில்லை. பொத்தான் போன சட்டையும் ஜரிகை பிரிந்த பட்டுப்புடவையும் குளிருக்கு ஆகாது. கடைசியில் அவை ஓடையோரம் குப்பையாகக் கிடக்கும்.

முதலில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், ஊர்க்கவுண்டர் (ஊர்த் தலைவர்) இவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். ஒருவரிடம் மட்டும் பேசினால் அவருடைய பக்கத்து வீடுகளோடு முடிந்துவிடலாம். எத்தனை வீடு, எந்த வயதில் எத்தனை குழந்தை என்று பட்டியல் வாங்குங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் வகுப்புவாரியாகக் கணக்கு கிடைக்கும். ஸ்வெட்டரை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், அடுத்த குளிருக்கும் ஆகும். போர்வையைக் கடையில் கையில் தூக்கிப் பாருங்கள். தானத்துக்கென்றே அடுக்கி வைத்திருக்கும் மெல்லிய போர்வை மார்கழிக் குளிரைத் தாங்காது. அந்தப் பணத்துக்கு நூறு மெல்லியதைவிட நாற்பது கனமானது மேல். விடுபட்ட வீட்டுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்துப் போங்கள், இல்லையென்றால் ஊரில் மனத்தாங்கல் உங்களால் வரும்.

அக்டோபர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. நவம்பரில் இருந்து காப்பிப் பழம் பறிப்பும் தொடங்கும், பகலில் போனால் வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். கட்டிக் கொண்டுபோன பிளாஸ்டிக் உறைகளைக் கையோடு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆடி மாதம் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார்கள்?

கோட்டை மாரியம்மன் கோயில் போன்ற அறநிலையத் துறைக் கோயிலுக்கு என்றால் கோயில் அலுவலகத்தில் நேரில் கட்டி ரசீது வாங்குங்கள். தெருக் கோயில் என்றால் விழாக் குழுவில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகவா?

நேரில் தெரிந்தவருக்குப் பணமாகவே கொடுங்கள். தனக்கு எது அவசரம் என்று அவருக்குத் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும். தெரியாதவருக்கு ஃபீஸ் கவுண்டரிலோ மருந்துக் கடைக் கணக்கிலோ கட்டுங்கள். தெரு முனையில் இருக்கும் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வராமல் இருந்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக் கூட்டிப் போங்கள். மனு நகலில் ஒப்புகை எண் வாங்க மறக்க வேண்டாம், அது இல்லாமல் அடுத்த முறை விசாரிக்க முடியாது.

வரிச் சலுகை?

நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடையாது, அரிசி, போர்வைக்கும் கிடையாது. தனிநபர் சிகிச்சைக்குக் கொடுப்பதற்கும் கிடையாது. "80ஜி உண்டு" என்று ஒரு குடும்பத்தின் போஸ்டரில் இருந்தால் அதுவே தப்பு.

ஏமாந்துவிட்டேன், பணம் போய்விட்டது.

அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யூ.பி.ஐ. எண், தொகை, நேரம், போன கணக்கின் பெயர் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும், அதனால் மணிக்கணக்கில் யோசிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று அடுத்து ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான். பணத்தைப் பெறுவதற்கு யூ.பி.ஐ. பின் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் அது உங்கள் கணக்கில் இருந்து எடுப்பதற்கு.

குழுவில் போட்டவர் பெரியப்பா. பொய் என்று எப்படிச் சொல்வது?

குழுவில் சொல்லாதீர்கள், தனியாகப் போன் போடுங்கள். "பெரியப்பா, நீங்க போட்டிருந்த நம்பருக்குப் பேசிப் பார்த்தேன், யாரும் எடுக்கல. ஆஸ்பத்திரியிலயும் அந்த உள்நோயாளி நம்பர் இல்லைங்கறாங்க. நீங்களே எடுத்துடுங்க, மத்தவங்க அனுப்பிடப் போறாங்க." நம் பெரியவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்கிறார்கள், அந்த மனதை நோகடிக்காமல் சொன்னால் எடுத்துவிடுவார்கள். கூடவே, "அந்தப் பணத்துல ஜி.எச்.ல ஒரு வாரத்துக்கு ரெண்டு பேருக்குச் சாப்பாடு குடுக்கலாம், நீங்களும் வர்றீங்களா?" என்று கேளுங்கள்.